மெல்லிய கோடு உடையாமல் இருக்க: ஆப்டிமா வகை எழுத்துருக்களைக் கையாளும் முறை

ஆங்கில எழுத்துருக்களில் கோட்டின் நுனியில் சிறு பாதம் வைத்தவை செரிஃப், பாதம் இல்லாதவை சான்ஸ் செரிஃப். பாதம் இல்லை என்றாலே ஏரியல், ஹெல்வெட்டிக்கா மாதிரி எல்லாக் கோடும் ஒரே தடிமன் என்று நினைத்துவிடுகிறோம். பாதத்தை மட்டும் எடுத்துவிட்டு, பேனா எழுத்தின் தடிப்பையும் மெலிவையும் அப்படியே வைத்துக்கொண்ட ஒரு சிறு கூட்டமும் இருக்கிறது. ஆப்டிமா, பெலெஸா, ஃபெடெரோ, மார்செல்லஸ், டெனர் சான்ஸ், பிரிட்டானிக் எல்லாம் இந்தக் கூட்டம்தான். நகைக்கடை அட்டை, வாசனைத் திரவியப் பெட்டி, பட்டுப்புடவை லேபிள், பத்திரிகைத் தலைப்பு, திருமண அழைப்பிதழ் என்று ‘நயமாக வேண்டும், பழசாகத் தெரியக் கூடாது’ என்று கேட்கும் இடங்களுக்கு இவற்றை மிஞ்ச எதுவும் இல்லை.

அழகு முழுக்க மெல்லிய கோட்டில் இருக்கிறது. கெடுவதும் அங்கேதான். எந்த அளவில் போடலாம், எந்தத் தாளில், எந்த நிறத்தில், எவ்வளவு இடைவெளியில் என்ற கேள்வி ஒவ்வொன்றுக்கும் விடை ஒரே எண்ணில் இருக்கிறது: அந்த எழுத்துருவின் மிக மெல்லிய கோடு எத்தனை மில்லிமீட்டர்? இதை அளக்காமல் கண்ணுக்கு அழகாக இருக்கிறது என்று அச்சுக்கு அனுப்பினால், வீட்டுக்கு வரும் 500 அட்டையிலும் ஆங்கிலச் சிற்றெழுத்து ‘இ’யின் (e) குறுக்குக்கோடு காணாமல் போயிருக்கும்.

எந்த எழுத்துரு?

ஆப்டிமாவில் தொடங்குவோம். ஜெர்மானிய எழுத்துக் கலைஞர் ஹெர்மன் ட்ஸாஃப் 1950-இல் ஃபுளோரன்ஸ் நகரின் சாந்தா குரோச்சே தேவாலயத்துக்குப் போனபோது, தரையில் பதித்த கல்லறைக் கற்களில் பாதமில்லாத ரோமன் எழுத்துகளைப் பார்த்தார். கையில் வேறு தாள் இல்லாததால் 1000 லீரா நோட்டுகளில் அவற்றை வரைந்துகொண்டார். அதிலிருந்து வளர்ந்த எழுத்துருவை ஃபிராங்க்ஃபுர்ட்டின் ஸ்டெம்பெல் நிறுவனம் 1958-இல் வெளியிட்டது. அதன் கோடுகள் நேர்க்கோடுகள் அல்ல. நடுவில் சற்று ஒடுங்கி, நுனியில் மெல்ல விரிகின்றன. இந்த விரிவுதான் பாதம் செய்யும் வேலையைப் பாதம் இல்லாமலே செய்கிறது. வாஷிங்டனில் 1982-இல் திறக்கப்பட்ட வியட்நாம் போர் வீரர் நினைவுச் சுவரில் 58,000-க்கும் அதிகமான பெயர்கள் ஆப்டிமாவில்தான் பொறிக்கப்பட்டுள்ளன. அந்தக் கறுப்புக் கிரானைட் போனது பெங்களூர்ப் பகுதியிலிருந்து. ஏறத்தாழ அரை அங்குல உயரத்தில், கல்லில், மணல் வீச்சால் வெட்டிய எழுத்து இன்றும் தெளிவாக இருக்கிறதென்றால், உதிர்ந்துபோக அதில் மயிரிழைப் பாதம் கிடையாது என்பது ஒரு காரணம்.

ஆப்டிமாவில் தடிப்பு–மெலிவு வேறுபாடு மிதமானது. அதனால் இந்தக் கூட்டத்திலேயே அதிகம் தாங்கக்கூடியதும் அதுதான். பத்தி எழுத்தாகக்கூடப் போடலாம். மேக், ஐஃபோன் இரண்டிலும் கூடவே வருகிறது, விண்டோஸில் கிடையாது. உங்கள் இணையதளத்தில் பதிக்க வேண்டுமானால் தனி வெப் உரிமம் வாங்க வேண்டும். மேக்கில் இருக்கிறதே என்று கோப்பை எடுத்து சர்வரில் ஏற்றக் கூடாது. சாய்வெழுத்து தேவைப்படும் வேலை என்றால் 2002-இல் ட்ஸாஃபும் அகிரா கோபயாஷியும் சேர்ந்து திருத்திய ஆப்டிமா நோவாவை எடுங்கள். பழைய ஆப்டிமாவின் சாய்வு, நேர் எழுத்தைச் சாய்த்தது மட்டுமே. நோவாவில்தான் உண்மையான சாய்வெழுத்து இருக்கிறது.

செலவில்லாமல் வேண்டுமென்றால் கூகுள் ஃபான்ட்ஸில் பெலெஸா இருக்கிறது. எடுவார்டோ டுன்னி ஃபேஷன் உலகை மனத்தில் வைத்து வரைந்தது. வேறுபாடு ஆப்டிமாவைவிட அதிகம்; தலைப்புக்கு மட்டுமே. ஃபெடெரோ, ஜெர்மானியரான யாகோப் எர்பார் 1909-இல் செய்த ஃபெடர் குரோட்டெஸ்கை அடியொற்றியது, பேனா வாடை தூக்கலாக இருக்கும். மார்செல்லஸ் ரோமானியக் கல்வெட்டுச் சாயல், பேரெழுத்துகளில் மிக அழகு. டெனர் சான்ஸ் அடக்கமானது. சிறிய அளவுக்கு இந்த நான்கில் அதைத்தான் நம்பலாம். நான்குமே திறந்த உரிமம் கொண்டவை, வணிக வேலைக்கும் பயன்படுத்தலாம். ஆனால் நான்குக்கும் ஒரே ஒரு தடிமன்தான், போல்டு கிடையாது. இது பின்னால் ஒரு பெரிய சிக்கலைக் கொண்டுவரும். மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸுடன் வரும் பிரிட்டானிக் போல்டு தடித்த, கனமான முகம். நயத்துக்கு அதை எடுக்காதீர்கள், சுவரொட்டிக்கு எடுங்கள்.

முதலில் அளவெடுங்கள்

இல்லஸ்ட்ரேட்டர், கோரல்டிரா போன்ற வரைகலை மென்பொருளில், அந்த எழுத்துருவில் ஆங்கிலப் பேரெழுத்து ஏ (A), என் (N), சிற்றெழுத்து இ (e), ஓ (o) ஆகியவற்றை 1000 பாயின்ட் அளவில் அடியுங்கள். பிறகு வளைகோடாக, அதாவது எழுத்தை வெறும் வடிவமாக, மாற்றுங்கள்: இல்லஸ்ட்ரேட்டரில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஓ, கோரலில் கன்ட்ரோல், கியூ. மெலிந்த இடங்கள் எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும். ‘ஏ’யின் இடது கால், ‘என்’னின் இரண்டு செங்குத்துக் கோடுகள், சிற்றெழுத்து ‘இ’யின் குறுக்குக்கோடு, ‘ஓ’வின் உச்சியும் அடியும். அங்கே ஒரு சிறு செவ்வகம் வரைந்து அதன் அகலத்தைப் பாயின்டில் பாருங்கள். 1000 பாயின்டில் அடித்ததால், 40 பாயின்ட் வந்தால் எழுத்து அளவில் 4 சதவீதம் என்று நேரே தெரிந்துவிடும். தடித்த கோட்டையும் அதேபோல் அளந்து எழுதி வையுங்கள். ஒரு எழுத்துருவுக்கு ஒருமுறை செய்தால் போதும்.

இனி கணக்கு எளிது. ஒரு பாயின்ட் என்பது 0.353 மி.மீ. மெல்லிய கோடு 4 சதவீதம் உள்ள எழுத்துருவை 10 பாயின்டில் போட்டால் அந்தக் கோடு 0.4 பாயின்ட், அதாவது 0.14 மி.மீ. இதை எந்தத் தொழிலில் அச்சிடப் போகிறீர்கள் என்பதோடு ஒப்பிட வேண்டும்.

ஆஃப்செட்டில், பூச்சுள்ள ஆர்ட் தாளில், சாயம் குறைக்காத முழு அடர்த்தி மையில் 0.1 மி.மீ. வரை கோடு நிற்கும். அதே எழுத்தைக் கறுப்புத் தரையில் வெள்ளையாக விட்டால் சுற்றியிருக்கும் மை உள்ளே பரவும்; குறைந்தது 0.2 மி.மீ. வேண்டும். பூச்சில்லாத தாள், கைத்தாள் என்றால் இரண்டையும் ஒன்றரை மடங்காக்குங்கள். ஸ்கிரீன் பிரிண்டிங்குக்கு 0.3 முதல் 0.4 மி.மீ. தங்க ஃபாயிலுக்கு (சூடாக அழுத்தி ஒட்டும் பளபளப்பு ஏடு) 0.3 மி.மீ.; தாள் சொரசொரப்பாக இருந்தால் இன்னும் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் மேடு உள்ள இடத்தில் ஒட்டி பள்ளத்தில் விட்டுப்போகும். எம்ப்ராய்டரிக்கு 1 மி.மீ.க்குக் கீழே போகவே கூடாது. இவை தொடக்க அளவுகள். உங்கள் அச்சகக்காரர் தன் இயந்திரத்துக்கு வேறு எண் சொன்னால் அதுவே சரி.

இப்போது திருப்பிக் கணக்கிடுங்கள். ஃபாயிலுக்கு 0.3 மி.மீ. என்றால் 0.85 பாயின்ட். அதை 0.04-ஆல் வகுத்தால் 21. ஆக, அந்த எழுத்துருவில் 21 பாயின்டுக்குக் கீழே ஃபாயில் வேண்டாம். மணமக்கள் பெயர் 36 பாயின்டில் ஃபாயிலாகப் பளிச்சென்று வரும். மண்டப முகவரியை 9 பாயின்டில் அதே எழுத்துருவில், அதே ஃபாயிலில் கேட்டால் வராது. முகவரியைச் சாதாரண மையில், வேறு எழுத்துருவில் போடுங்கள். சட்டைப் பையில் எம்ப்ராய்டரி என்றால் 1 மி.மீ. என்பது 2.83 பாயின்ட், எழுத்து அளவு 71 பாயின்ட், பேரெழுத்தின் உயரம் கிட்டத்தட்ட 17 மி.மீ. பெரும்பாலான சட்டைப் பைக்கு இது அதிகம். அந்த வேலைக்கு இந்த வகை எழுத்துரு ஒத்துவராது என்று வாடிக்கையாளரிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

கடைப் பலகையில் தனித்தனியாக வெட்டி உள்ளே எல்.இ.டி. வைக்கும் எழுத்துக்கும் இதே கணக்குதான். விளக்குத் துண்டு உள்ளே உட்காரக் கோட்டின் அகலம் 20 மி.மீ. வேண்டுமென்றால், எழுத்து அளவு 500 மி.மீ., பேரெழுத்து உயரம் 350 மி.மீ. ஆகிறது. கடை முகப்பு அதற்கு இடம் தராவிட்டால், விளக்கை எழுத்துக்குள் வைக்காமல், வெட்டிய கெட்டி எழுத்தைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி நிறுத்திப் பின்னாலிருந்து ஒளி கசிய விடுங்கள். மெல்லிய கோட்டுக்கு அது இன்னும் அழகு.

நிறம்

வடிவமைப்பாளர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. திரையில் 40 சதவீதச் சாம்பல் நிறத்தில் மெல்லிய எழுத்து மிக நாசூக்காகத் தெரியும். அச்சில் சாம்பல் என்று ஒரு மை இல்லை. கறுப்புப் புள்ளிகளைத் தூவித்தான் சாம்பலாக்குகிறார்கள். அங்குலத்துக்கு 175 வரிப் புள்ளிகள் போடும் அச்சில் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடைவெளி 25.4-ஐ 175-ஆல் வகுத்தால் வரும் 0.145 மி.மீ. நம் மெல்லிய கோடு 0.14 மி.மீ. ஒரு கோட்டின் அகலத்தில் ஒரே ஒரு புள்ளிதான் கொள்ளும் என்றால் அங்கே கோடு இல்லை, புள்ளி வரிசைதான் இருக்கும். அதனால் சிறிய எழுத்துக்குச் சாயம் குறைத்த நிறம் வேண்டாம். சாம்பல் வேண்டுமென்றால் சாம்பல் நிற ஸ்பாட் மையை (அந்த நிறத்திலேயே தனியாகக் கலந்த மை) கேளுங்கள்.

நான்கு நிறம் கலந்த பழுப்பும், கலந்த ‘தங்கமும்’ இதே குழியில்தான் விழும். ஒவ்வொரு நிறத்துக்கும் உள்ள அச்சுத் தகடுகள் எல்லாம் சரியாக ஒன்றின்மேல் ஒன்று உட்கார வேண்டும், 0.1 மி.மீ. நகர்ந்தால் தடித்த கோட்டில் தெரியாது, மெல்லிய கோட்டில் இரட்டைப் பிம்பமாகத் தெரியும். கறுப்பு என்றால் கறுப்பு மை 100 சதவீதம் மட்டும். அடர்த்திக்காக மற்ற நிறங்களைச் சேர்க்காதீர்கள். தங்கம் என்றால் பான்டோன் 871 முதல் 876 வரையிலான உலோக மைகளில் ஒன்று, அல்லது ஃபாயில். எழுத்தின் மேல் மட்டும் பூசும் ஸ்பாட் யு.வி. பளபளப்புப் பூச்சைக் கேட்கவே கேட்காதீர்கள். அது மெல்லிய கோட்டின்மேல் பிசகாமல் உட்காருவது கடினம்.

இடைவெளி, நீட்டல், தடித்தல்

இந்த வகை எழுத்துருவில் பேரெழுத்தில் மட்டும் அமைக்கும் பெயருக்கு டிராக்கிங் (எழுத்துகளுக்கு நடுவே சீராகக் கூட்டும் இடைவெளி) 40 முதல் 120 வரை கொடுங்கள். சின்ன அளவுக்கு அதிகம், பெரிய அளவுக்குக் குறைவு. 12 பாயின்டில் 120 வேண்டும், 60 பாயின்டில் 40 போதும். சிற்றெழுத்துக்கு பூஜ்யம், மிஞ்சினால் 10. சிற்றெழுத்தை அகட்டினால் சொல் உடைந்து, தனித்தனிப் பல்போல நிற்கும். பிறகு ஜோடிகளைக் கையால் பாருங்கள். ஏ–வி, எல்–டி, டி–ஏ, எல்–ஒய் இவற்றில் எப்போதும் ஒரு பள்ளம் இருக்கும். மெல்லிய கோடும் மெல்லிய கோடும் பக்கத்தில் வந்தால் இடைவெளி நிஜத்தைவிட அகலமாகத் தெரியும், சற்று நெருக்கவும். தடித்த கோடுகள் இரண்டு பக்கத்தில் வந்தால் இதற்கு நேர் எதிர்.

இடம் நிரம்பவில்லை என்று எழுத்தைப் பக்கவாட்டில் இழுப்பது நம் ஊர் டி.டி.பி. வேலையில் சர்வசாதாரணம். ஏரியலில் அது அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். இங்கே எழுத்தே பொய்யாகிவிடும். பக்கவாட்டில் 120 சதவீதம் இழுத்தால் செங்குத்துக் கோடுகள் மட்டும் தடிக்கும். கிடைக்கோடுகள் அப்படியே இருக்கும். ‘என்’னின் செங்குத்து மெல்லியதாக இருக்க வேண்டும் என்ற இலக்கணம் அங்கேயே உடைகிறது. இடம் மீதமிருந்தால் டிராக்கிங்கைக் கூட்டுங்கள், அல்லது காலியாகவே விடுங்கள். இந்த எழுத்துருவுக்குச் சுற்றிலும் வெற்றிடம் இருந்தால்தான் நயம் தெரியும்.

தடித்த எழுத்து வேண்டுமென்று சுற்றிலும் கோடு போட்டுக் கனம் ஏற்றுவது அடுத்த தவறு. தடித்த கோடு 10, மெல்லியது 4 என்றால் விகிதம் 2.5. சுற்றிலும் 1 சேர்த்தால் 12, 6. விகிதம் 2-க்கு இறங்கிவிட்டது. இன்னும் 1 சேர்த்தால் 14, 8, எழுத்துரு வேறொன்றாகிவிட்டது. வெள்ளை எழுத்து கறுப்புத் தரையில் அடைபடாமல் இருக்க மொத்தத்தில் 0.1 பாயின்ட் கூட்டுவது மட்டும் நியாயம். அதேபோல் பேரெழுத்தை 75 சதவீதமாகச் சுருக்கிச் சிறு பேரெழுத்தாக்கினால், 4 சதவீதக் கோடு 3 ஆகி, பக்கத்து எழுத்தைவிட வெளிறித் தெரியும். சிறு பேரெழுத்து வேண்டுமானால் மார்செல்லஸுக்கு அதற்கென்றே தனிக் கோப்பு இருக்கிறது.

லோகோ செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. குறுக்குக்கோடு இல்லாத ‘ஏ’ வேண்டுமென்று ‘வி’யைத் தலைகீழாக்குவது இப்போது வழக்கம். ‘வி’யில் இடது கோடு தடிப்பு, வலது கோடு மெலிவு. ‘ஏ’யில் இடது மெலிவு, வலது தடிப்பு. ‘வி’யை 180 பாகை சுழற்றினால் தடிப்பு வலப்பக்கம் வந்து சரியாக உட்காரும். மேல்–கீழாகப் புரட்டினால் தடிப்பு இடப்பக்கமே நின்றுவிடும். பார்ப்பவர்க்குக் காரணம் தெரியாது, ஆனால் ஏதோ கோணலாக இருப்பது தெரியும்.

திரையில்

சாதாரணத் திரையில் 16 பிக்சல் எழுத்தின் 4 சதவீதக் கோடு 0.64 பிக்சல். ஒரு பிக்சலைக்கூட நிரப்ப முடியாத கோட்டைத் திரை சாம்பலாகத்தான் காட்டும். நீங்கள் கொடுத்தது முழுக் கறுப்பு. வாசகர் பார்ப்பது சாயம் போன கறுப்பு. 4 சதவீத எழுத்துருவைக் கணினித் திரையில் 28 பிக்சலுக்குக் கீழே கொண்டுபோகாதீர்கள். கைப்பேசிகளின் அடர்ந்த திரையில் 22 வரை தாங்கும். எழுத்து நிறத்தை வெளிறவிடாதீர்கள். பெரிய எழுத்துக்கும் பின்னணிக்கும் 3:1 ஒளி வேறுபாடு போதும் என்று இணைய அணுகல் விதிகள் சொன்னாலும் இங்கே 7:1 வைத்துக்கொள்ளுங்கள்.

போல்டு கிடையாத எழுத்துரு என்றோமே, அதன் வினை இங்கே வரும். இணையப் பக்கத்தில் தலைப்புக் குறிகள் இயல்பாகவே போல்டாக இருக்கும். பெலெஸாவில் போல்டு கோப்பு இல்லாததால் உலாவி தானாகவே எழுத்தைத் தடித்துப் போலி போல்டு செய்துகொள்ளும். மெல்லிய கோடும் தடித்த கோடும் ஒரே அளவு தடித்து, ‘ஏன் இது அழகாகவே இல்லை?’ என்று நீங்கள் எழுத்துருவைக் குறை சொல்வீர்கள். ஸ்டைல் கோப்பில் தலைப்பின் எடையை, அதாவது தடிமன் அளவை, 400 என்று வெளிப்படையாக எழுதுங்கள். கூடவே போலி உருவாக்கத்தைத் தடுக்கும் ஃபான்ட்-சிந்தெசிஸ் பண்பை ‘நன்’ (font-synthesis: none) என்று வையுங்கள். சாய்வெழுத்துக்கும் இதுவே காவல்.

ஆப்டிமாவை வெப் உரிமம் இல்லாமல் பெயர் மட்டும் கொடுத்துவிட்டால் ஆப்பிள் கருவிகளில் வரும். விண்டோஸில் அதற்கு அடுத்ததாகக் கண்டாராவைக் கொடுக்கலாம், சாயல் ஓரளவு ஒத்துப்போகும். ஆண்ட்ராய்டில் இரண்டும் இல்லை. மூன்று இடத்திலும் வரி முறியும் இடம் மாறும் என்பதால் ஒரே வரியில் நின்றாக வேண்டிய தலைப்பை இப்படி அமைக்காதீர்கள்.

வாட்ஸ்ஆப் அழைப்பிதழ் இன்று அச்சு அழைப்பிதழைவிட அதிகக் கண்களைச் சேர்கிறது. 1080 பிக்சல் அகலப் படத்தில் மெல்லிய கோட்டுக்கு 2 பிக்சல் என்று வைத்தால் எழுத்து 50 பிக்சல் வேண்டும். படமாக அனுப்பினால் சுருக்கத்தில் மெல்லிய கோட்டைச் சுற்றி அழுக்குப் படியும்; சிவப்புத் தரையில் தங்க எழுத்து என்றால் இன்னும் மோசம், ஏனென்றால் சுருக்கும்போது முதலில் பலியாவது நிற விவரம்தான். பி.டி.எஃப். ஆக்கி, ‘டாக்குமென்ட்’டாக அனுப்பச் சொல்லுங்கள்.

தமிழோடு சேர்க்கும்போது

மேலே சொன்ன ஆங்கில எழுத்துரு எதிலும் தமிழ் கிடையாது. அதே பெட்டியில் தமிழை அடித்தால் மென்பொருளோ உலாவியோ தன்னிடம் உள்ளதை எடுத்துப் போட்டுக்கொள்ளும்: விண்டோஸில் நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ, ஆப்பிளில் தமிழ் சங்கம். எது வரும் என்பது உங்கள் கையில் இல்லை. தமிழ் எழுத்துருவை நீங்களே பெயர் சொல்லிக் கொடுங்கள்.

எதைக் கொடுப்பது? ஓலையில் எழுத்தாணியால் கீறிய எழுத்து நம்முடையது. கீறலில் தடிப்பும் மெலிவும் கிடையாது. பட்டைப் பேனா பழக்கம் ஆங்கில எழுத்துக்குக் கொடுத்த தடிப்பு–மெலிவு இலக்கணம் தமிழில் பிறவியிலேயே வந்ததல்ல. அதனால் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, தடிப்பு–மெலிவு உள்ள தமிழ் முகத்தை எடுப்பது. நோட்டோ செரிஃப் தமிழ், டிரோ தமிழ் இரண்டும் நல்ல தேர்வு. நோட்டோவில் எடைகள் பல இருப்பதால் பொருத்துவது எளிது. இன்னொன்று, ஒரே தடிமன் கொண்ட தமிழ் முகத்தை எடுத்து, அதன் கோட்டை ஆங்கிலத்தின் தடிப்புக்கும் மெலிவுக்கும் நடுவே நிறுத்துவது. கேட்டமரான், முக்த மலர், அனெக் தமிழ் ஆகியவற்றில் எடைகள் நிறைய உண்டு. ஆங்கிலத்தில் தடிப்பு 10, மெலிவு 4 என்றால் தமிழ்க் கோடு 7 முதல் 8 வரை இருக்கட்டும். மெல்லிய கோட்டோடு பொருத்துகிறேன் என்று 4-க்குப் போனால் தமிழ் வரி மங்கிவிடும். எங்கள் பரிந்துரை இரண்டாவது வழிதான். தடிப்பு–மெலிவு கொண்ட இரண்டு முகங்கள் ஒரே அட்டையில் இருந்தால் ஒன்றோடொன்று போட்டியிடும். ஒன்று பாடும்போது மற்றது சுருதி போட வேண்டும். ஆங்கில உரைப்பத்திக்கும் இதே விதி. தலைப்பு பெலெஸா என்றால் பத்திக்கு போடோனி போன்ற இன்னொரு தடிப்பு–மெலிவு முகம் வேண்டாம், ஈ.பி. காரமாண்ட் போல அடக்கமான ஒன்று போதும்.

உயரம் பொருத்த, ஆங்கிலப் பேரெழுத்து எச் பக்கத்தில் ‘ப’வை வையுங்கள். ‘ப’ அதைவிட ஒரு நூல் குட்டையாக இருக்கும்படி தமிழின் அளவைக் குறையுங்கள். சமமாக வைத்தால் ‘கீ’, ‘பி’ ஆகியவற்றின் மேல்வளைவும் ‘கூ’, ‘ழு’ ஆகியவற்றின் கீழ்வாலும் சேர்ந்து தமிழ் வரியைப் பெரிதாகக் காட்டும். வரி இடைவெளி ஆங்கிலப் பேரெழுத்துக்கு 1.2 போதும். தமிழுக்கு 1.5-க்குக் குறையாமல் வையுங்கள். பெயர்களை ஒரே வரியில் இரு மொழியிலும் திணிக்க வேண்டாம். தமிழுக்குத் தனி வரி கொடுங்கள். தமிழில் எழுதினால் பெயர் நீளும்.

டிராக்கிங் பற்றி எச்சரிக்கையாக இருங்கள். ஆங்கிலப் பேரெழுத்தை 100 அகட்டியிருக்கிறோம், தமிழும் அப்படியே இருக்கட்டும் என்று நினைக்கத் தோன்றும். ‘கொ’ என்பது கொம்பு, க, கால் மூன்றும் சேர்ந்த ஒரே எழுத்து. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இவை மூன்று தனி எழுத்துகளாகவே கணினிக்குத் தெரியும். அகட்டினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போய் நிற்கும். யூனிகோடிலும் மென்பொருள் சரியாகக் கையாளாவிட்டால் இதே கதி. தமிழுக்கு 10, அதிகம் போனால் 20. அடோபி மென்பொருள்களில், தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாக அடுக்கும் வேர்ல்ட்-ரெடி கம்போசரை இயக்கிய பிறகே தமிழை அடியுங்கள். இல்லையென்றால் ‘கெ’யின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் வந்து உட்காரும்.

விலை போடும் வேலையில் ரூபாய்க் குறியைத் தனியாகச் சோதியுங்கள். அந்தக் குறி 2010-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய எழுத்துருக் கோப்புகளில் இருக்காது. மென்பொருள் வேறு எழுத்துருவிலிருந்து ஒரே தடிமன் குறியை எடுத்து ஒட்டிவிடும், நகை விலைப்பட்டியலில் அது கரும்புள்ளிபோலத் தெரியும். அங்கே தமிழ் எழுத்துருவில் ‘ரூ.’ என்று போடுவது எவ்வளவோ மேல்.

வேண்டாத இடங்கள்

மருந்துச் சீட்டின் அளவு விவரம், பேருந்து நேரப் பட்டியல், படிவம், அடிக்குறிப்பு, செயலியின் பொத்தான்கள், அவசர அறிவிப்பு. இவற்றுக்கு இந்த வகை எழுத்துரு எதுவும் வேண்டாம். மூத்தவர்கள் கையில் பிடித்துப் படிக்கும் எதற்கும் 14 பாயின்டுக்குக் கீழே வேண்டாம்.

அனுப்பும் முன்

உண்மை அளவில், 100 சதவீதத்தில், அலுவலக லேசர் பிரிண்டரில் ஒரு தாள் எடுங்கள். அங்குலத்துக்கு 600 புள்ளி போடும் பிரிண்டரில் ஒரு புள்ளி 0.042 மி.மீ.; 0.14 மி.மீ. கோட்டுக்கு மூன்று புள்ளிதான் கிடைக்கும். அதில் கோடு முழுசாக வந்தால் ஆஃப்செட்டிலும் பெரும்பாலும் வரும். அட்டையைக் கை நீட்டும் தூரத்தில் பிடித்து, மங்கலான வெளிச்சத்தில் படியுங்கள். கல்யாண மண்டபத்திலும் துணிக்கடையிலும் அப்படித்தான் படிக்கப்படும். ஃபாயில் வேலைக்கு டை (ஃபாயிலை அழுத்தும் உலோக அச்சு) எந்த உலோகம் என்று கேளுங்கள். நுண்ணிய கோட்டுக்குப் பித்தளை டை விளிம்பைக் கூர்மையாகப் பிடிக்கும், விலை கூடினாலும் கேட்டு வாங்குங்கள். கடைசியாக எல்லாவற்றையும் வளைகோடாக மாற்றி அச்சகத்துக்கு அனுப்புங்கள். மாற்றாத மூலக் கோப்பை வேறு பெயரில் பத்திரமாக வையுங்கள். அழைப்பிதழில் பெரியப்பா பெயரின் இனிஷியல் தவறு என்று அச்சேறும் நாளன்று காலையில் ஃபோன் வரும்போது அந்தக் கோப்புதான் தேவைப்படும்.